ஆட்டிச மாணவருக்கு செமஸ்டர் சுமை: எந்தக் கருவி எங்கே கைகொடுக்கும்?

காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழக வளாகத்தில் படித்தாலும், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தாலும், கடலூரிலிருந்து தினமும் பஸ் ஏறிப் புதுச்சேரிக் கல்லூரிக்கு வந்து போனாலும் செமஸ்டரின் கடைசி வாரங்கள் ஒரே மாதிரிதான். இண்டர்னல், அசைன்மென்ட், கையெழுத்து வாங்காத ரெக்கார்ட் நோட்டு, செமினார் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். ஆட்டிசம் உள்ள மாணவர் பலருக்குப் பாடத்தைவிட அதைச் சுற்றியுள்ள முடிவுகளே அதிகம் கனக்கின்றன. எதில் தொடங்குவது, எங்கே நிறுத்துவது, எதை விடுவது என்று யோசித்தே சக்தி தீர்ந்துவிடும். அதனால் கீழே வரும் எல்லாக் கருவிகளையும் ஒரே கேள்வியால் அளந்திருக்கிறோம்: மாணவர் எடுக்க வேண்டிய முடிவுகளை இது குறைக்கிறதா, கூட்டுகிறதா?

கூகுள் கேலண்டர், நோஷன், சுவரில் மாட்டிய வெள்ளைப் பலகை

குறிப்பு, அட்டவணை, வேலைப்பட்டியல் என்று நோஷன் செயலியில் எல்லாம் செய்யலாம். சிக்கலும் அதுதான். பக்கம் வடிவமைப்பதிலேயே இரண்டு நாள் போய்விடும். ஒன்றில் ஆழ்ந்தால் வெளியே வர நேரமாகும் மனத்துக்கு அந்த வடிவமைப்பே வேலையாகிவிடும். பிறகு ஒரு வாரம் தவறினால், தேதி கடந்த வேலைகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கவே பயந்து செயலியைத் திறக்க மாட்டார்கள். செமஸ்டர் நடுவில் இதைத் தொடங்கவே வேண்டாம்.

கேலண்டர் எளிது, ஆனால் பெரும்பாலோர் அதில் கடைசித் தேதியை மட்டும் போடுகிறார்கள். அது எச்சரிக்கை மட்டுமே, திட்டம் ஆகாது. 20-ஆம் தேதி கொடுக்க வேண்டிய அசைன்மென்டுக்கு மூன்று பதிவுகள் வேண்டும்: 8-ஆம் தேதி தொடக்கம், 14-ஆம் தேதி பாதி, 18-ஆம் தேதி பிரிண்ட். ஒவ்வொரு பதிவின் விளக்கத்திலும் முதல் அசைவை எழுத வேண்டும். 'அசைன்மென்ட் செய்' என்று எழுதினால் பயனில்லை. 'லைப்ரரியில் இரண்டு புத்தகம் எடு' என்று எழுத வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு நினைவூட்டல் போதும், முந்தின நாள் ஒன்று, ஒரு மணி நேரம் முன்பு ஒன்று. நிறங்கள் மூன்றுக்கு மேல் போனால் எந்த நிறம் எதற்கு என்பதே தனி வேலையாகிவிடும். சில போன்களில் பேட்டரி சேமிப்பு முறை நினைவூட்டலை விழுங்கிவிடும். செட்டிங்கில் கேலண்டருக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கிவிடுங்கள்.

நம் ஊரில் கேலண்டருக்கு உண்மையான சோதனை நவம்பர், டிசம்பர் மழைதான். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது நினைவிருக்கும். இந்த மாதங்களில் விடுமுறை அறிவிப்பு முந்தின இரவுகூட வரும், தேர்வு தள்ளிப்போகும். திட்டமிட்ட நாள் திடீரென்று கலைவது பல ஆட்டிச மாணவர்களுக்குத் தேர்வைவிடப் பெரிய அடி. பழைய பதிவை அழிக்காமல், தலைப்பில் 'தள்ளிவைப்பு, புதிய தேதி வரவில்லை' என்று மாற்றுங்கள். அழித்தால், தேர்வு இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி மண்டைக்குள்ளேயே சுற்றும். 'மழை நாள்' என்று ஒரு தனி அட்டவணையை அக்டோபரிலேயே எழுதி வைப்பது இன்னும் நல்லது: எழும் நேரம், ஒரு பாடம், சாப்பாடு, ஓய்வு. எந்த நாள் கலைந்தாலும் அதை அப்படியே எடுத்துப் பின்பற்றலாம். மின்சாரம் போனாலும் கைக்குக் கிடைக்க அதன் பிரிண்ட் ஒன்று சுவரில் இருக்கட்டும்.

வெள்ளைப் பலகை மணி அடிக்காது, தள்ளிப்போன தேதியைத் தானாக நகர்த்தாது. ஆனால் போனைத் திறந்தால் வேறெங்கோ போய்விடுபவருக்கு அதுவே மேல். எங்கள் தேர்வு இரண்டும் சேர்ந்தது: செமஸ்டர் முழுக்க கேலண்டரில், இன்றைய மூன்று வேலை மட்டும் பலகையில். நான்காவது எழுதக் கூடாது.

தொடங்க முடியாதபோது: காப்ளின் டூல்ஸ், அரட்டை ஏஐ

காப்ளின் டூல்ஸ் இணையதளத்தில் இலவசம், கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. அதிலுள்ள மேஜிக் டூடூவில் ஒரு வேலையை எழுதினால் படிகளாகப் பிரித்துத் தரும். அதிலுள்ள மிளகாய்ப் படங்களின் எண்ணிக்கையைக் கூட்டக்கூட்டப் படிகள் நுணுக்கமாகும். நன்றாக இருக்கும் நாளில் இரண்டு மிளகாய் போதும். எழுந்திருக்கவே முடியாத நாளில் ஐந்து வையுங்கள். ஐந்து மிளகாயில் நீண்ட பட்டியல் வரும், அதுவே மிரட்டும். முதல் மூன்றை மட்டும் பலகையில் எழுதிவிட்டுத் திரையை மூடிவிடுவதுதான் வழி.

சாட்ஜிபிடி போன்ற அரட்டை ஏஐ பாடத்தின் சூழலைப் புரிந்துகொண்டு பிரித்துத் தரும், ஆனால் கேட்காமலேயே பக்கம் பக்கமாகக் கொட்டும். 'ஒரு படி மட்டும் சொல், நான் முடிந்தது என்று சொன்ன பிறகு அடுத்தது' என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அசைன்மென்டையே எழுதச் சொன்னால் வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள். பதிவு எண், மருத்துவ விவரம் எதையும் காப்ளினிலும் அரட்டை ஏஐயிலும் போடாதீர்கள்.

பேராசிரியருக்கு மெயில் எழுதவே மூன்று மணி நேரம் ஆகிறது என்றால் காப்ளினின் ஃபார்மலைசர் கைகொடுக்கும். இரண்டு வரி மொட்டையாக எழுதிப் போடுங்கள், தொனியைச் சரிசெய்து தரும்.

நிறுத்த முடியாதபோது: அலாரம், பொமடோரோ, கண்ணுக்குத் தெரியும் டைமர்

கவனம் ஒரே தடத்தில் ஆழமாக ஓடுவதை மோனோட்ராபிசம் என்பார்கள். ஓடும் தடத்திலிருந்து அலாரம் திடீரென்று பிடுங்கினால் எரிச்சலும் குழப்பமும்தான் மிஞ்சும். 25 நிமிடம் வேலை, பிறகு சிறு இடைவேளை என்ற பொமடோரோ முறையும் இங்கே பொருந்துவது குறைவு, ஆழம் போகும் நேரத்தில் மணி அடிக்கும். மிச்ச நேரம் வண்ண வட்டமாகச் சுருங்குவதைக் காட்டும் டைமர் செயலி நல்லது, ஏனென்றால் முடிவு வருவது முன்பே தெரிகிறது. 50 நிமிடம் வைத்து, முடிய 10 நிமிடம் இருக்கும்போது ஒரு மெல்லிய அதிர்வு வையுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில், அடுத்து எங்கே தொடர வேண்டும் என்று ஒரு வரி எழுத வேண்டும். பசியும் தாகமும் உடலுக்குத் தாமதமாகத் தெரிபவர்கள் இதே அதிர்வோடு தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

வகுப்பு: ரெக்கார்டிங், நேரடி எழுத்து, வாசித்துக் காட்டும் குரல்

ஒரு மணி நேர ரெக்கார்டிங்கை மீண்டும் கேட்க ஒரு மணி நேரம் வேண்டும். நாளுக்கு ஐந்து வகுப்பு என்றால் அது உதவியல்ல, கடன். புரியாத இடம் வந்ததும் நோட்டில் மணியைக் குறித்துவைத்து, அந்த இரண்டு நிமிடத்தை மட்டும் கேட்பதாக இருந்தால் சரி. ஆசிரியரின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். ஆண்ட்ராய்டின் லைவ் டிரான்ஸ்கிரைப் தமிழையும் எழுத்தாக்கும். ஆனால் நம் வகுப்புகளில் ஒரே வாக்கியத்தில் தமிழும் ஆங்கிலமும் கலப்பதால் அடிக்கடி தடுமாறும்.

அச்சுப் பாடத்துக்கு எட்ஜ் பிரவுசரின் வாசிப்பு வசதியே எங்கள் முதல் தேர்வு. தமிழுக்குப் பல்லவி, வள்ளுவர் என்று இரு குரல்கள் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த நோட்ஸை அது பொருளற்ற ஒலியாக வாசிக்கும். ஸ்கேன் செய்ததை வாசிக்கவே வாசிக்காது. அப்போது கோப்பை கூகுள் டிரைவில் ஏற்றி, வலது கிளிக் செய்து கூகுள் டாக்ஸில் திறந்தால் படத்திலிருந்து எழுத்து பிரிந்து வரும். கோப்பு 2 எம்பிக்குள் இருக்கட்டும், பெரிதானால் அத்தியாயமாக வெட்டுங்கள்.

வாட்ஸ்அப் வகுப்புக் குழுவுக்கு ஒப்பீடே தேவையில்லை. ஆர்க்கைவ் செய்து மாலை ஆறு மணிக்கு ஒருமுறை மட்டும் திறங்கள். அவசரம் என்றால் போன் செய்யும்படி ஒரு நண்பரிடம் சொல்லி வையுங்கள்.

சத்தம்: ஹெட்போனா, காதுக்கான ஃபோம் செருகியா?

இரைச்சல் நீக்கும் ஹெட்போன் பஸ் எஞ்சின், ஃபேன் போன்ற தொடர் ஒலியை நன்றாக விழுங்கும். கடலூர்ச் சாலையில் அலறும் ஏர் ஹாரனை அவ்வளவாகத் தடுக்காது. சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஃபோம் செருகி அந்தக் கீச்சுச் சத்தத்தை நன்றாகவே குறைக்கும், சரியாகச் செருகினால். விரலால் மெல்லியதாக உருட்டி, மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதை மேலே இழுத்துப் பிடித்து, உள்ளே வைத்து 30 விநாடி அழுத்தியிருங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் காதைச் சுற்றி மூடும் ஹெட்போனில் வேர்த்து அரிக்கும். சாலை கடக்கும்போது இரண்டையுமே எடுத்துவிட வேண்டும்.

தேர்வு அறைக்குள் ஹெட்போன் போகாது. செருகி போகலாம், அதற்கும் முன் அனுமதி வேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் சேர்ந்திருக்கிறது. மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் வழிகாட்டுதல்படி, மாற்றுத்திறனாளிச் சான்று உள்ளவர்களில் தகுதியுடையவர்களுக்கு மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் கிடைக்கும். மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரமாகும். கூடுதல் நேரம், செருகி, ஓர இருக்கை மூன்றையும் ஒரே கடிதத்தில் கேளுங்கள். ஹால் டிக்கெட் வருவதற்கு முன்பே கொடுத்து, முத்திரையிட்ட நகலை வாங்கி, தேர்வு நாளில் ஹால் டிக்கெட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அறைக் கண்காணிப்பாளர் கேட்டால் விளக்கிக்கொண்டு நிற்காமல் அதை நீட்டினால் போதும்.