கணக்கை முடித்துவிட்டு இயற்பியலா, இயற்பியலோடு சேர்த்துக் கணக்கா?

30 மீட்டர் பக்கமுள்ள ஒரு சமபக்க முக்கோணம். முனைக்கு ஒருவராக மூன்று பேர் நிற்கிறார்கள். ஒவ்வொருவரும் அடுத்தவரையே குறிவைத்து விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் நடக்கிறார். அடுத்தவர் நகர நகர, இவரும் திசையைத் திருப்பிக்கொண்டே இருக்கிறார். மூவரும் எத்தனை விநாடியில் சந்திப்பார்கள்?

என்னிடம் படிக்க வந்த இருவருக்கு இதைக் கொடுத்தேன். பையன் கால்குலஸை விழுந்து விழுந்து படித்தவன். போலார் ஆயத்தொலைவு, வகைக்கெழுச் சமன்பாடு, சுருள் வளைவு என்று போய் இரண்டு பக்கத்தில் விடையைப் பிடித்துவிட்டான். அந்தப் பெண்ணுக்கு இன்டெக்ரேஷன், அதாவது தொகையிடல், அப்போது அரைகுறை. கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முக்கோணம் சுருங்கினாலும் சமபக்க முக்கோணமாகவேதானே சார் இருக்கும்?" என்றாள். ஒருவர் 2 மீட்டர் வேகத்தில் நெருங்குகிறார். எதிரில் இருப்பவர் 60 பாகைச் சாய்வில் வருவதால் அவர் பங்கு 2 cos 60°, அதாவது 1. இடைவெளி விநாடிக்கு 3 மீட்டர் குறைகிறது. 30-ஐ 3-ஆல் வகுத்தால் 10 விநாடி. முடிந்தது.

கணிதம் குறைவாக இருப்பதே நல்லது என்று இதை வைத்து முடிவு கட்டிவிட வேண்டாம். அடுத்து கொடுத்த கணக்கில் கதை தலைகீழானது. உயரத்திலிருந்து ஒரு பந்து விழுகிறது. காற்றின் தடை வேகத்துக்கு நேர்விகிதத்தில், அதாவது வேகத்தின் k மடங்காக, இருக்கிறது. முற்றுத்திசைவேகம், அதாவது பந்து கடைசியில் நெருங்கும் மாறாத வேகம், mg/k என்று அந்தப் பெண் ஒரே வரியில் சொல்லிவிட்டாள், இரண்டு விசைகளும் சமமானால் போதும் என்று. அதில் பாதி வேகத்தை எட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டதும் பேனா நின்றுவிட்டது. அங்கே குறுக்குவழி கிடையாது. சமன்பாட்டை எழுதித் தொகையிட்டால்தான் m/k-ஐ ln 2-ஆல், கிட்டத்தட்ட 0.69-ஆல், பெருக்கும் விடை வரும். பையன் இரண்டு நிமிடத்தில் போட்டான்.

கடினமான இயற்பியல் கணக்குகளுக்குத் தயாராகிறவர்கள் பொதுவாக இரண்டு பாதைகளில் ஒன்றில்தான் போகிறார்கள்: பையனைப் போலக் கணிதத்தை முதலில் முடிப்பது, அல்லது தேவைப்படும்போது கற்றுக்கொள்வது.

கணிதம் முதலில் என்ற பாதைக்குப் பெரிய ஆதாரம் சோவியத் இயற்பியலாளர் லேவ் லாண்டாவ். அவரிடம் ஆராய்ச்சி செய்ய வந்தவர்கள் 'கோட்பாட்டுக் குறைந்தபட்சம்' என்ற தேர்வு வரிசையைத் தாண்ட வேண்டியிருந்தது. அதில் முதல் தேர்வே கணிதம். தொகையீடுகளைத் தடுமாறாமல் போட வேண்டும், சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்க வேண்டும், வெக்டர் கணிதம் கைவசம் இருக்க வேண்டும். தேற்றங்களின் நுணுக்கமான நிரூபணங்களை அவர் பெரிதாக மதிக்கவில்லை. கை ஓடுகிறதா என்பதே கேள்வி. பல பத்தாண்டுகளில் மொத்த வரிசையையும் முடித்தவர்கள் 43 பேர்தான்.

இந்தப் பாதையின் பலம் வெளிப்படையானது. கணக்கின் நடுவில் இயற்பியலை யோசிக்க வேண்டிய மூளை, cos 2θ-ஐ எப்படி விரிப்பது என்று தேடிக்கொண்டிருக்காது. பலவீனத்தைத்தான் யாரும் சொல்வதில்லை. கணிதத் தேர்வில் தொகையீட்டை அவர்களே எழுதித் தந்துவிடுகிறார்கள். இயற்பியலில் அதை யாரும் தரமாட்டார்கள். L நீளமுள்ள, M நிறையுள்ள ஒரு தண்டு. அதன் முனையிலிருந்து அதே நேர்கோட்டில் d தொலைவில் m நிறையுள்ள ஒரு சிறு துகள். ஈர்ப்பு விசை என்ன? தண்டை dx நீளத் துண்டுகளாக வெட்ட வேண்டும், ஒரு துண்டின் நிறை M dx/L என்று தோன்ற வேண்டும், எல்லைகள் d முதல் d+L வரை என்று புரிய வேண்டும். அதற்குப் பிறகு மிஞ்சுவது 1/x²-ஐத் தொகையிடும் வேலைதான். விடை GMm/[d(d+L)]. இருநூறு தொகையீடு போட்ட பிள்ளைகளும் தடுக்கி விழுவது அந்த dx துண்டில்தான். பகுதிப் பின்னங்களும் விசித்திரமான பிரதியிடல்களும் பள்ளி இயற்பியலில் அபூர்வமாகவே தலைகாட்டும்.

தேவைப்படும்போது கற்றுக்கொள்ளலாம் என்பவர்களுக்கு ஐன்ஸ்டைன் இருக்கிறார். 1912-இல் சூரிச் திரும்பியபோது, ஈர்ப்பு பற்றிய அவருடைய யோசனைக்குப் பொருந்தும் கணிதம் அவரிடம் இல்லை. கூடப் படித்த நண்பர் மார்செல் கிராஸ்மன் வளைந்த வெளிகளுக்கான ரீமனின் வடிவியலைக் காட்டிக்கொடுத்தார். சமன்பாடுகள் சரியான வடிவத்துக்கு வந்தது 1915 நவம்பரில். கேள்வி கையில் இருக்கும்போது கற்ற கணிதம் ஒட்டிக்கொள்கிறது என்பது உண்மைதான். ஆனால் எந்தக் கதவைத் தட்டுவது என்று சொல்ல, பக்கத்தில் ஒரு கிராஸ்மன் வேண்டும். தனியாக உட்கார்ந்து படிக்கும் பிளஸ் டூ பிள்ளைக்கு, தனக்கு எந்தக் கணிதம் தெரியவில்லை என்பதே தெரியாது.

மூன்றாவதாக ஒரு கட்சியும் உண்டு: கால்குலஸே வேண்டாம், சமச்சீர், ஆற்றல் மாறாமை, பரிமாணப் பகுப்பாய்வு, தோராயம் போதும் என்பவர்கள். சர்வதேச இயற்பியல் ஒலிம்பியாடின் பழைய பாடத்திட்டமே கால்குலஸை அதிகம் சார்ந்த கணக்குகள் கூடாது என்றுதான் சொன்னது. அதனால் அவை எளிது என்று எண்ணிவிடாதீர்கள். இவர்களிடமிருந்து கட்டாயம் திருட வேண்டியது தோராயம். எவரெஸ்ட் உச்சியில் ஈர்ப்பு முடுக்கம் g எவ்வளவு குறையும்? கால்குலேட்டரில் முழு எண்களைத் தட்ட வேண்டாம். ஈருறுப்புத் தோராயப்படி குறைவு 2h/R; h உயரம், R பூமியின் ஆரம். 8.85 கிலோமீட்டரை இரட்டித்து 6,371-ஆல் வகுத்தால் 0.28 சதவீதம். sin θ-வை θ என்று வைப்பதும் இதே வகைதான். அது இல்லாவிட்டால் ஊசலின் அலைவுநேரச் சூத்திரமே கிடைக்காது.

என்னைக் கேட்டால், லாண்டாவின் பட்டியலைக் கத்தரித்து முதலிலேயே முடித்துவிட வேண்டும். மிச்சத்தைக் கணக்குகள் வழியே கற்கலாம். கத்தரித்த பட்டியல் சின்னது. முக்கோணவியல், வெக்டரின் இரண்டு பெருக்கல்கள், தோராயங்கள், வகையிடல், எளிய தொகையிடல். அப்புறம் இரண்டே வகைக்கெழுச் சமன்பாடுகள். குறையும் வேகம் இருப்புக்கு நேர்விகிதம் என்பது ஒன்று. கதிரியக்கச் சிதைவு, மின்தேக்கியின் மின்னிறக்கம், நியூட்டனின் குளிர்வு விதி எல்லாம் அதுவே, சட்டை மட்டும் வேறு. முடுக்கம் இடப்பெயர்ச்சிக்கு எதிர்த்திசையில் நேர்விகிதம் என்பது மற்றொன்று. சுருள்வில், ஊசல், மின்தூண்டியும் மின்தேக்கியும் சேர்ந்த சுற்று என்று பாதிப் பாடம் அதில் அடங்கிவிடும்.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் ஒரு சிக்கல் உண்டு. 11-ஆம் வகுப்பு இயற்பியலில் இரண்டாவது அலகே இயக்கவியல். dx/dt அங்கேயே வந்து நிற்கும். கணிதத்தில் வகையிடல் வருவதோ இரண்டாம் தொகுதியில். ஆகவே அந்த இரண்டாம் தொகுதியை ஜூன் மாதமே வாங்கி, வகையிடலையும் தொகையிடலையும் மட்டும் முன்னால் இழுத்துக்கொள்வது நல்லது. வரிசை மாறிவிட்டதே என்று யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை.

போன வாரம் பையனிடம் பழைய கணக்கையே கொஞ்சம் மாற்றிக் கேட்டேன்: முக்கோணத்துக்குப் பதில் 30 மீட்டர் சதுரம், நான்கு பேர், அதே வேகம். பேனாவை எடுத்தவன் மூடியைத் திறக்கவில்லை. "அடுத்த ஆள் குறுக்கேதானே சார் போறார், கிட்டவும் வரல, தள்ளியும் போகல. 15 விநாடி" என்றான்.