ஆரஞ்சு டேக்கா, கைப்பையா? பெங்களூரு பெல்ட்டுக்கு முன்னால் நின்று ஓர் அலசல்

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து இரவு விமானத்தில் பெங்களூரு வந்து இறங்கினோம். ரப்பர்த் திரையைத் தள்ளிக்கொண்டு பெல்ட்டில் முதலில் வந்தது ஓர் அட்டைப்பெட்டி. சணல் கயிறு கட்டி, மேலே மார்க்கரில் 'அல்சூர்' என்று பெரிதாக எழுதியிருந்தது. பின்னாலேயே ஏழெட்டுச் சாதாரணப் பெட்டிகள், ஒரு டிராவல் பேக், இரண்டு அரிசி மூட்டை அளவுக்குப் பைகள். என் மச்சானின் பெட்டி வந்தபோது பெல்ட்டைச் சுற்றிப் பாதிக் கூட்டம் கலைந்திருந்தது. அதில் ஆரஞ்சு நிறத்தில் 'பிரையாரிட்டி' டேக் தொங்கிக்கொண்டிருந்தது. பெட்டி முதலில் வரும் என்று டிக்கெட் போடும்போதே தனியாகக் காசு கட்டி வாங்கிய டேக்.

"ஏனுங்க மாமா, இதுக்கா பணம் கட்டுனோம்?" என்றார்.

நியாயமான கேள்வி. பல வருஷமாக இந்த ஊருக்கும் கோவைக்கும் டெல்லிக்கும் போய் வருகிறேன். வேலை நிமித்தம் அவ்வப்போது வெளிநாடும் உண்டு. காசு கொடுத்த டேக், பிசினஸ் கிளாஸோடு தானாக வரும் டேக், டேக்கே இல்லாத பெட்டி, வெறும் கைப்பை எல்லாவற்றோடும் இறங்கியிருக்கிறேன். அதை வைத்துத்தான் மச்சானுக்குப் பதில் சொன்னேன். இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2024 பிப்ரவரியில் சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம் ஏழு இந்திய விமான நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது. எஞ்சின் நின்ற 10 நிமிடத்துக்குள் முதல் பெட்டி பெல்ட்டுக்கு வர வேண்டும், 30 நிமிடத்துக்குள் கடைசிப் பெட்டியும் வந்துவிட வேண்டும், பிப்ரவரி 26-க்குள் இதை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று. காசு கட்டியவர், கட்டாதவர் எல்லாருக்கும் இந்த அளவுகோல் பொது. அப்படியென்றால் டேக்கால் என்ன மிச்சம்? எல்லாம் ஒழுங்காக நடந்தாலே முதல் பெட்டிக்கும் கடைசிப் பெட்டிக்கும் நடுவே இருப்பது 20 நிமிடம். டேக் இல்லாத பெட்டி எங்கோ நடுவில் வரும் என்று வைத்துக்கொண்டால், உங்களுக்குக் கிடைப்பது பத்து நிமிடம். பெட்டி முன்னால் வந்து, அதை எடுக்க நீங்களும் அங்கே இருந்தால்தான் அந்தப் பத்து நிமிடமும்.

பலர் கோட்டை விடுவது இங்கேதான். 27-ஆம் வரிசையில் உட்கார்ந்திருப்பவர் இறங்குவதற்கே பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். பிறகு நடை. இங்கே இரண்டாம் டெர்மினலில் உள்நாட்டு விமானங்கள் 2023 ஜனவரியிலும் பன்னாட்டு விமானங்கள் 2023 செப்டம்பரிலும் ஓடத் தொடங்கின. மூங்கிலும் தொங்கும் செடிகளுமாகக் கண்ணுக்கு அழகான கட்டடம், ஆனால் கடைக்கோடிக் கேட்டில் இறங்கினால் நல்ல நடை இருக்கிறது. விமானம் தூரத்தில் நின்று, பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிவந்தால் அதற்கும் நேரம் போகும். முதல் பெட்டியாகவே வந்தாலும் உங்கள் பெட்டி பெல்ட்டில் தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கும். பெட்டிக்கு மட்டும் முன்னுரிமை வாங்கிவிட்டு ஆள் பின்வரிசையில் உட்கார்வதில் பயனே இல்லை.

சரி, முன்வரிசைதான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் மச்சானின் பெட்டி ஏன் பிந்தியது? விமானத்தின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இது புரிந்துவிடும்.

ஏர்பஸ் ஏ320, போயிங் 737 மாதிரி நடுவே ஒரே நடைபாதை உள்ள விமானங்களில், நம் உள்நாட்டுத் தடங்களில், பெட்டிகளைப் பெரும்பாலும் ஒவ்வொன்றாகக் கையால்தான் அடுக்குகிறார்கள். ஏ320 வகையில் கன்டெய்னர் ஏற்றவும் வழி உண்டு, 737-இல் அதுவும் கிடையாது. நிமிர்ந்து நிற்க முடியாத உயரத்தில் லோடர்கள் முட்டி போட்டு உட்கார்ந்து, உள்ளிருந்து வாசல் நோக்கி அடுக்கி வருவார்கள். பிரையாரிட்டிப் பெட்டிகளைக் கடைசியாக, கதவுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்பது முறை. இறங்கும் ஊரில் கதவைத் திறந்ததும் கைக்கு முதலில் அகப்படுவது அவைதானே.

ஆனால் விமானத்திலிருந்து முதலில் வெளியே வரும் பெட்டி ட்ராலியிலும் முதலில் ஏறுகிறது. அதாவது அடியில் போகிறது. அதன் மேல் இன்னும் முப்பது பெட்டி ஏறிய பிறகு, இரண்டு மூன்று ட்ராலிகளைக் கோத்து டிராக்டர் இழுத்துக்கொண்டு போகும். பெல்ட்டின் பின்பக்கம் இறக்கும்போது மேலே இருப்பவைதான் முதலில் இறங்கும். விமானத்துக்குள் கிடைத்த முன்னுரிமை ட்ராலியில் தலைகீழாகிவிடுகிறது. பிரையாரிட்டிப் பெட்டிகளைத் தனி ட்ராலியில் போட்டு முதலில் அனுப்பினால் மட்டுமே டேக்குக்கு மதிப்பு. ஒரு விமானத்தில் அப்படிப் பத்துப் பன்னிரண்டு பெட்டி இருக்கும். அதற்கென ஒரு ட்ராலி, ஒரு டிராக்டர், ஓர் ஓட்டுநர் ஒதுக்க அந்த நேரத்தில் ஆள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இரவில் நாலைந்து விமானம் அடுத்தடுத்து இறங்கும் நேரத்தில் பல நேரம் இருப்பதில்லை. இதில் லோடர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொன்றும் 15 கிலோ, குனிந்தபடியே தூக்குகிறார்கள், நேரக்கெடுவும் அவர்கள் தலையில்தான். குறை, டேக்கை விற்றுவிட்டு அதற்கான ட்ராலியை ஏற்பாடு செய்யாதவர்கள் மேல்தான்.

கோவை, மதுரை, திருச்சித் தடங்களில் ஏடிஆர் என்கிற சின்ன விமானம் வந்தால் இந்தப் பேச்சே வேண்டாம். மொத்தமே எண்பதுக்குக் குறைவான ஆட்கள், இரண்டு ட்ராலியில் வேலை முடிந்துவிடும். அதற்கு டேக் வாங்குவது வீண் செலவு.

அகலமான விமானங்களில் கதை வேறு. போயிங் 777, 787, ஏர்பஸ் ஏ350 இவற்றிலெல்லாம் பெட்டிகள் அலுமினியக் கன்டெய்னர்களில் ஏறுகின்றன. 2022 அக்டோபர் முதல் துபாயிலிருந்து பெங்களூருக்கு வரும் எமிரேட்ஸின் ஏ380-யும் அப்படித்தான். பிசினஸ் கிளாஸ், அடிக்கடி பறப்பவர்களுக்குக் கிடைக்கும் ஸ்டார் அலையன்ஸ் கோல்டு போன்ற அட்டைக்காரர்களின் பெட்டிகளைத் தனிக் கன்டெய்னரில் போட்டுக் கதவோரம் நிறுத்தினால், அது முழுதாக இறங்கி முழுதாகவே பெல்ட்டுக்குப் போகும். நடுவில் கலைவதற்கு வழியில்லை. இந்த விமானங்களில் டேக் வேலை செய்வதை நானே பல முறை பார்த்திருக்கிறேன். ஒரே மாதிரி டேக் தொங்கும் பெட்டிகள் பத்து இருபது சேர்ந்தாற்போல் வரும், பிறகு கொஞ்சம் இடைவெளி, அதன் பிறகே மற்றவை. முன்னூறு பேருக்கு மேல் இறங்கும் விமானத்தில் இது அரை மணி நேரம் வரைகூட மிச்சம் பிடித்துத் தரும்.

ஆனால் அங்கேயும் பாஸ்போர்ட் பார்க்கும் குடியேற்ற வரிசை என்று ஒன்று இருக்கிறது. நீங்கள் அதில் நாற்பது நிமிடம் நின்றால் டேக் உள்ள பெட்டி, இல்லாத பெட்டி இரண்டுமே உங்களுக்கு முன்னால் வந்து நிற்கும். இப்போது இதில் ஒரு மாற்றம். முன்கூட்டியே தங்கள் விவரங்களைப் பதிந்துவைத்த இந்தியப் பயணிகள் மின்வாசல் வழியே சட்டென்று வெளியேறும் திட்டம் 2024 ஜூனில் டெல்லியில் தொடங்கி, 2025 ஜனவரியில் பெங்களூருக்கும் வந்துவிட்டது. அதில் பதிந்தவர் வரிசையில் நிற்காமல் பெல்ட்டுக்கு வந்துவிடுகிறார், பிறகு பெட்டிக்காகக் காத்திருக்கிறார். அடிக்கடி வெளிநாடு போய் வருபவருக்கு டேக்கின் மதிப்பு கூடியிருக்கிறது என்றே சொல்வேன்.

கைப்பை மட்டும் என்பது இதோடெல்லாம் ஒப்பிடவே முடியாத தனி ரகம். உள்நாட்டுப் பயணத்தில் 7 கிலோ. இறங்கினோம், நடந்தோம், வாயு வஜ்ரா பஸ்ஸைப் பிடித்தோம். பெல்ட் எங்கே என்று பார்க்கக்கூட வேண்டாம். இரண்டு மூன்று நாள் வேலைக்கு இதை மிஞ்ச எந்த டேக்காலும் முடியாது. ஆனால் ஊரிலிருந்து வரும்போது நம் பை எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய், மாவடு, தோட்டத்துத் தேங்காய் நாலு, அரிவாள்மணை. இவற்றை எடுத்துக்கொண்டு பாதுகாப்புச் சோதனைக்குப் போய் வாக்குவாதம் செய்யாதீர்கள். எண்ணெய், முழுத் தேங்காய், அரிவாள்மணை எல்லாம் செக்-இன் செய்யும் பெட்டிக்குத்தான். கொப்பரையை மட்டும் அதிலும் வைக்கக் கூடாது. எண்ணெய்ப் பசை இருப்பதால் தீப்பற்றும் பொருள் என்று தடுத்திருக்கிறார்கள். பவர் பேங்க் நேர்மாறு, கைப்பையில் மட்டும்தான்.

விமானம் நிரம்பியிருந்தால் கேட்டில் நிற்கும் ஊழியர்கள் கைப்பைகள் சிலவற்றை வாங்கி டேக் போட்டு அடியில் ஏற்றுவார்கள். கடைசியில் ஏறும் பை என்பதால் கதவோரம் இருக்கும். காசு கட்டாமலே பிரையாரிட்டிப் பெட்டிக்குக் கிடைக்கும் இடம்தான் அது. மருந்து, லேப்டாப், நகையை எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

குறுக்கு வழிகள் சிலவும் காதில் விழுகின்றன. 'கடைசியாகச் செக்-இன் செய்தால் பெட்டி முதலில் வரும்' என்பார்கள். கவுன்டரில் போட்ட வரிசையிலேயே பெட்டிகள் விமானத்தில் ஏறுவதில்லை. உள்ளே பிரிக்கும் இடத்தில் ட்ராலிகளில் சேர்ந்து, எந்த ட்ராலி முதலில் கிளம்புகிறதோ அதுதான் வரிசை. உள்நாட்டுக் கவுன்டர் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும் என்கிற ஊரில், ஹெப்பால் மேம்பாலத்தில் மாட்டிக்கொள்ளக்கூடியவர்கள் இந்தச் சோதனையைச் செய்யவே வேண்டாம். 'உடையும் பொருள்' டேக் கேட்டு வாங்குபவர்களும் உண்டு. அதற்கு உடைந்தால் கேட்க மாட்டேன் என்கிற மாதிரி ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள், பெட்டி வருவது அதே பெல்ட்டில்தான். இணையத்தில் விற்கும் வண்ண வண்ண 'பிரையாரிட்டி' டேக்குகளையும் பழைய பயணத்தின் டேக்குகளையும் பெட்டியில் தொங்கவிடவே விடாதீர்கள். பெட்டியின் பாதையை முடிவு செய்வது அன்று கவுன்டரில் ஒட்டும் சீட்டில் உள்ள பத்து இலக்க எண்தான். பழைய பார்கோடு ஒட்டியிருந்தால் ஸ்கேனர் அதைப் படித்துவிடலாம். முன்னால் வருவது இருக்கட்டும், பெட்டி வேறு ஊருக்கே போய்விடும்.

மச்சான் அடுத்த மாதம் அத்தையை அழைத்துக்கொண்டு வருகிறார். அதே கோவை விமானம்தான். டேக்குக்குக் கட்டிய பணத்தை இந்த முறை மூன்றாம் வரிசை சீட்டுக்குக் கட்டச் சொல்லியிருக்கிறேன். அத்தைக்கு முட்டி வலி, சீக்கிரம் இறங்கி மெதுவாக நடக்கலாம். எண்ணெய் டின் பெட்டியில் போகட்டும், மாத்திரைப் பை அத்தை கையிலேயே இருக்கட்டும். அவர்கள் பெல்ட்டுக்கு நடந்து வருவதற்குள் பெட்டியும் வந்துவிடும். வராவிட்டாலும் பெல்ட்டுக்கு எதிரே உட்கார நாற்காலி இருக்கிறது.