ரிசோர்ஸ்பேஸ்: மருந்துப் பிரசுரங்களைப் பின்தொடர ஏற்ற கருவியா?

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு பாமசியின் மேசையில் கிடக்கும் துண்டுப்பிரசுரம், மெடிக்கல் ரெப்பின் ரப்லெட்டில் உள்ள சிலைட், டொக்டர்மாரின் வட்ஸ்அப் குழுவில் சுற்றும் படம், பேஸ்புக்கில் போன பதிவு. நான்கும் ஒரே மருந்தைப் பற்றியவை. நாளைக்கு அந்த மருந்தின் எச்சரிக்கை வாசகம் மாறினால் நான்கையும் எவ்வளவு நேரத்தில் கண்டுபிடித்து நிறுத்தலாம்? விநியோகஸ்தர்களின் பிராந்தியக் காரியாலயத்துக்கு ஒரு மென்பொருள் உதவுமா என்பதை இந்தக் கேள்வியை வைத்தே அளக்கவேண்டும். படம், பீடிஎப், வீடியோ போன்ற கோப்புகளை அவற்றின் விவரங்களோடு சேமித்துத் தேட உதவும் ரிசோர்ஸ்பேஸ் அதில் தேறுகிறது. ஆனால், நிறுவுவதற்கு முன் கடதாசியில் முடிக்கவேண்டிய வேலையை முடித்தால்தான்.

இது திறந்த மூல மென்பொருள், உரிமக் கட்டணம் இல்லை. பிஎச்பியும் மைஎஸ்கியூஎல்லும் ஓடும் ஒரு லினக்ஸ் சேவர் வேண்டும். கூடவே படம், பீடிஎப், வீடியோ, கோப்புத் தகவல் ஆகியவற்றைக் கையாளும் இமேஜ்மெஜிக், கோஸ்ட்ஸ்கிரிப்ட், எப்எப்எம்பெக், எக்ஸிப்ரூல் ஆகிய நான்கையும் நிறுவவேண்டும். கோஸ்ட்ஸ்கிரிப்ட் விடுபட்டால் பீடிஎப்களுக்கு முன்தோற்றம் வராது. எக்ஸிப்ரூல் விடுபட்டால் கோப்புக்குள் பொதிந்திருக்கும் தகவல் பதிவின் புலங்களில், அதாவது விவரங்களை நிரப்பும் கட்டங்களில், ஒழுங்காக ஏறாது. லினக்ஸ் தெரிந்த ஒருவருக்கு இவ்வளவும் ஒரு நாள் வேலை. மெட்டாடேட்டாவை, அதாவது ஒவ்வொரு கோப்பையும் பற்றிப் பதியவேண்டிய விவரங்களை, திட்டமிடுவதற்குத்தான் வாரக்கணக்கில் நேரம் போகும், போகவும் வேண்டும்.

முதலில் அடையாள இலக்கம். துண்டுப்பிரசுரமோ சிலைட்டோ பதிவோ, ஒவ்வொரு ஆக்கத்துக்கும் ஓர் எழுத்தில் தொடங்கும் ஐந்து இலக்கத் தொடர் எண், மொழிக்கு ஓர் எழுத்து, பதிப்புக்கு ஓர் எண். இதற்கு மேல் எதையும் இலக்கத்துக்குள் திணிக்கக்கூடாது. வியாபாரப் பெயரையோ மாதத்தையோ உள்ளே வைத்தால், பெயர் மாறிய அன்றே இலக்கம் பொய்யாகிவிடும். எழுத்தில் தொடங்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு: வெறும் எண்ணாக இருந்தால் எக்செல் முன்னால் உள்ள பூச்சியங்களை விழுங்கிவிடும், 00417 என்பது 417 ஆகிவிடும்.

அடுத்தது மருந்து. வியாபாரப் பெயரை மட்டும் நம்பினால் தேடல் தோற்கும். 2020 ஏப்ரலில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் ரனிடிடின் மருந்துகள் அனைத்தையும் சந்தையிலிருந்து அகற்றக் கோரியபோது, அது ஒரு வியாபாரப் பெயருக்கான அறிவித்தலாக இருக்கவில்லை. மூலப்பொருளின் பெயரில்தான் வந்தது. ஆகவே மருந்துகளை மூலப்பொருளின்படி வகைப்படுத்தும் உலக சுகாதார நிறுவனத்தின் ஏழு எழுத்து ஏரிசி குறியீட்டுக்கு ஒரு புலம் கட்டாயம் வேண்டும். ரனிடிடினுக்கு ஏ02பிஏ02, மெற்போமினுக்கு ஏ10பிஏ02. பரசிற்றமோல், பாராசிட்டமால் என்று தமிழில் எழுத்துக்கூட்டல் எப்படி மாறினாலும் குறியீடு மாறாது. ஒரு பொறி மட்டும் உண்டு: கூட்டு மருந்துகளுக்குக் குறியீடு வேறு. மெற்போமினும் சிற்றாகிளிப்ரினும் சேர்ந்த குளிசை ஏ10பிடி07 இல் இருக்கும், மெற்போமினின் குறியீட்டால் தேடினால் அகப்படாது. அதனால் மூலப்பொருள்களுக்கென்று பல தெரிவுகளை ஏற்கும் இன்னொரு புலமும் வேண்டும்.

ரிசோர்ஸ்பேஸ் புலங்களில் பல வகை தருகிறது. பாவிப்பவரே புதிய சொல் சேர்க்கக்கூடிய பட்டியல் வகை வசதியாகத்தான் தெரியும். மருந்து, மொழி, ஊடகம், வாசகர் ஆகிய நான்குக்கும் அதை எடுக்கவேண்டாம். 'வட்ஸ்அப்', 'வாட்சப்', 'வாட்ஸ்அப்' என்று சில மாதங்களில் மூன்று ஊடகங்கள் முளைத்துவிடும். நிலையான கீழிறங்கு பட்டியலும் தெரிவுப்பெட்டியும்தான் சரி. பட்டியலை மாற்றும் உரிமை ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும்.

தமிழ் மூலத்தையும் அதன் சிங்கள, ஆங்கில வடிவங்களையும் ஒரே பதிவின் கீழ் 'மாற்றுக் கோப்புகளாக' வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். இந்தக் கருவியில் நடக்கும் பெரிய பிழை இதுதான். மாற்றுக் கோப்புக்குத் தனியான அனுமதி இலக்கமோ காலாவதித் திகதியோ வைக்க முடியாது. மொழிக்கு ஒரு பதிவு போட்டு, அவற்றைத் 'தொடர்புடையவை' என்று பிணைத்து, மூல ஆக்கத்தின் இலக்கத்தையும் ஒரு புலத்தில் எழுதிவிடவேண்டும். அச்சுக்கான பெரிய கோப்பையும் திரைக்கான சிறியதையும் மாற்றுக் கோப்புகளாக வைத்துக்கொள்ளலாம். வட்ஸ்அப்புக்காக வெட்டும்போது அடியிலுள்ள எச்சரிக்கை வரி போய்விட்டால் அது சிறிய கோப்பு அல்ல, புதிய ஆக்கம். அதற்குப் புதிய இலக்கமும் புதிய அனுமதியும் வேண்டும்.

தமிழுக்கே உரிய சிக்கல்கள் வேறு. ரிசோர்ஸ்பேஸ் பீடிஎப்பின் உள்ளே இருக்கும் எழுத்துகளை எடுத்துத் தேடலுக்குச் சேர்க்கும். யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் செய்த அச்சு வேலையாக இருந்தால், கண்ணுக்குத் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்துக் குப்பை. தேடினால் ஒன்றும் வராது. அச்சகத்திடம் யூனிகோட்டில் கேட்டு வாங்கவேண்டும், கிடைக்காவிட்டால் தலைப்பையாவது கையால் அடிக்கவேண்டும். யூனிகோட்டிலும் 'கொ' என்பதன் கொம்பும் காலும் ஒரே குறியாகவும் இருக்கலாம், இரண்டு குறிகளாகவும் இருக்கலாம். பார்வைக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு. 'ஔடதம்' என்பதை ஒகரமும் ளகரமுமாக அடிப்பவர்களும் நிறையப் பேர். பட்டியல்களை ஏற்றும் முன் எல்லாவற்றையும் ஒரே யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிட்டால் முதல் சிக்கல் தீரும். இரண்டாவதைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்தவேண்டும்.

பழைய ஆக்கங்களின் விவரங்களை சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பிலிருந்து மொத்தமாக ஏற்ற ஒரு செருகுநிரல் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) உண்டு, நன்றாக வேலை செய்கிறது. எக்செல்லிலிருந்து சேமிக்கும்போது யூடிஎப்-8 சிஎஸ்வி என்பதைத் தெரிவுசெய்யாவிட்டால் தமிழ் முழுவதும் கேள்விக்குறியாகும். திகதியை ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் வையுங்கள். 03/04 என்றால் மார்ச்சா ஏப்ரலா என்று யாருக்கும் தெரியாது. முதலில் இருபது வரிகளை மட்டும் ஏற்றிப் பாருங்கள்.

இனி ஆக்கம் வெளியே போகும் வழிகள். புலங்களைக் கோப்புக்குள்ளேயே எழுதித் தரவிறக்கக் கொடுக்க இந்தக் கருவியால் முடியும், அதை முடுக்கிவிடவேண்டும். ஆனால் வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் பொதிந்த தகவலும் கோப்புப் பெயரும் இரண்டும் போய்விடும், ஆவணமாக அனுப்பினால் தங்கும். அச்சிட்ட தாளிலோ எதுவுமே இல்லை. ஆகவே ஒவ்வொரு ஆக்கத்தின் கீழ் மூலையிலும் இலக்கமும் காலாவதி மாதமும் கண்ணுக்குத் தெரிய இருக்கவேண்டும். பருத்தித்துறையில் ஒரு பாமசியிலிருந்து யாராவது தொலைபேசியில் கேட்டால் வாசித்துச் சொல்லக்கூடியது அந்த இலக்கம் ஒன்றுதான். இணைய இணைப்புகளில் அதே இலக்கத்தை யூரிஎம்மின் (இணைப்பின் கடைசியில் சேர்க்கும் கண்காணிப்புக் குறிப்பின்) உள்ளடக்கப் பகுதியில் போடலாம், ஆங்கிலச் சிறிய எழுத்தில் மட்டும். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கலந்தால் கூகிள் அனலிட்டிக்ஸ் இரண்டாகக் கணக்கெடுக்கும். தமிழில் போட்டால் 'யாழ்ப்பாணம்' என்ற ஒரு சொல்லே இணைப்பில் 99 எழுத்துகளாக நீளும்.

காலாவதிதான் இந்தக் கருவிக்கு நாங்கள் அதிகப் புள்ளி கொடுக்கும் இடம். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி மருந்து விளம்பரத்துக்குத் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதி வேண்டும். அனுமதி இலக்கம், அனுமதித் திகதி, முடிவுத் திகதி மூன்றையும் கட்டாயப் புலங்களாக்கினால், அவை இல்லாமல் பதிவைச் சேமிக்க முடியாது. திகதி வந்ததும் அணுகலைத் தானாகக் கட்டுப்படுத்தும் செருகுநிரலும் உண்டு. சேவரில் கிரொன் வேலையை (குறித்த நேரத்தில் தானாக ஓடும் பணியை) அமைக்காவிட்டால் அது சத்தமில்லாமல் சும்மா இருக்கும். நிறுவிய மறுநாளே நேற்றைய திகதியோடு ஒரு சோதனைப் பதிவு போட்டு, அது மூடுகிறதா என்று பாருங்கள். வெளியாருக்குக் கொடுக்கும் இணைப்புகளுக்கும் முடிவுத் திகதி வைக்கலாம். வாசகர் புலத்தை வைத்துப் பாவனையாளர் குழுக்களின் தேடலை வடிகட்டவும் முடியும். டொக்டர்மாருக்கான ஆக்கம் பேஸ்புக் பார்ப்பவரின் கண்ணில் படாமல் இருக்க இதைவிட எளிய வழி இல்லை.

குறைகளும் உண்டு. ஒரு ஆக்கத்தில் உள்ள ஒவ்வொரு கூற்றையும் அதற்கு ஆதாரமான ஆய்வுக் கட்டுரையின் வரியோடு பிணைக்கும் வசதி இதில் இல்லை. மருத்துவ, சட்ட, ஒழுங்குமுறை மீளாய்வை அடுக்கடுக்காக நடத்தவும் இது போதாது. அந்த வேலைக்கென்றே செய்தவை வீவாவின் புரோமோமேட்ஸ் போன்றவை, பெரிய கொம்பனிகளுக்கான விலையில். மூன்று நான்கு பேர் வேலைசெய்யும் காரியாலயத்துக்கு ஆதாரங்களைத் தனிப் பதிவுகளாக ஏற்றித் தொடர்புடையவையாகப் பிணைத்தாலே சமாளிக்கலாம்.

காப்புப்பிரதி எடுக்கும்போது தரவுத்தளத்தையும் கோப்புக் கோப்புறையையும் ஒரே இரவில் சேர்த்தே எடுக்கவேண்டும். கோப்புகள் மட்டும் மீண்டால், ஆயிரக்கணக்கான கோப்புகள் இருக்கும், எது எந்த மருந்துக்குரியது என்று சொல்ல ஒரு வரியும் இருக்காது.