விட்னியின் அளவாய்வும் சுரங்கப் பணியகமும்: கலிஃபோர்னியா சட்டமன்றத்தின் இரு தேர்வுகள்

நிலத்தடியை அறிய அரசுப் பணத்தை எவ்வாறு செலவிடுவது என்ற கேள்விக்குக் கலிஃபோர்னியா சட்டமன்றம் இருபது ஆண்டு இடைவெளியில் இரண்டு விடைகளைத் தந்தது. 1860இல் நிலவியலர் ஜோசயா விட்னியின் தலைமையில் அமைத்த நிலவியல் அளவாய்வு ஒன்று. 1880இல் ஹென்றி ஹாங்க்ஸை முதல் மாநிலக் கனிமவியலராகக் கொண்டு தொடங்கிய சுரங்கப் பணியகம் மற்றொன்று. இவற்றில் எது சிறந்த தேர்வு?

விட்னிக்குச் சட்டம் இட்ட பணி மிக விரிந்தது. பாறை, மண், கனிமம், புதைபடிவம் ஆகியவற்றோடு செடிகொடிகளையும் விலங்குகளையும் ஆராய்ந்து, வரைபடங்களுடன் முழு அறிக்கை தர வேண்டும். உறுப்பினர்களில் பலர் எதிர்பார்த்ததோ தங்கம் எங்கே கிடைக்கும் என்ற ஒற்றை விடையை. 1861–62 பெருவெள்ளத்தில் தலைநகர் சாக்ரமென்டோ மூழ்கிக் கருவூலமும் வறண்டபோது ஆய்வாளர்களின் ஊதியம்கூட நிலுவையில் நின்றது. இத்தனைக்கும் பிறகு 1864இல் முதலில் அச்சேறியது புதைபடிவத் தொகுதி. தங்கத்தை எதிர்பார்த்தவர்களுக்குச் சங்கு, சிப்பிப் படங்கள் ஏமாற்றம் அளித்ததில் வியப்பில்லை. ஆனால் மாரிபோசா பகுதியில் தங்கம் தாங்கிய பலகைப் பாறைகள் ஜுராசிக் காலத்தவை என்று காட்டியவை அத்தகைய புதைபடிவங்களே. பாறையின் வயது தெரியாமல் தங்கப் படிவின் போக்கைச் சொல்வது வெறும் ஊகம். இதைப் பேரவைக்குப் பொறுமையாக விளக்கியிருக்க வேண்டியவர் விட்னி. அந்தப் பொறுமை அவரிடம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1868இல் நிதி நின்றது, 1870இல் மீண்டது, 1874இல் அளவாய்வே முடிவுக்கு வந்தது.

சுரங்கப் பணியகம் நேர் எதிரான வழியில் சென்றது. அருங்காட்சியகம், ஆய்வுக்கூடம், கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) வாரியாகச் சுரங்கங்களை விவரிக்கும் அறிக்கைகள் என்று அதன் பயன் வாக்காளரின் கண்ணுக்குத் தெரிந்தது. அதனாலேயே அது நிலைத்தது. இன்றைய கலிஃபோர்னியா நிலவியல் ஆய்வுத்துறை அதன் வழிவந்ததே. எனினும் ஏற்கெனவே தோண்டிய இடங்களை விவரிப்பது ஒன்று, மாநிலம் முழுவதன் அமைப்பை முறையாக அளப்பது வேறொன்று.

இந்த இரண்டாவது பணியில் விட்னியின் குழு விட்டுச் சென்றது பெரிது. சார்லஸ் ஹாஃப்மன் அங்கே வளர்த்த நிலவரைபட முறையை, அக்குழுவில் பணியாற்றிய கிளாரன்ஸ் கிங், அமெரிக்க மேற்குப் பகுதியில் நடுவண் அரசு நடத்திய நாற்பதாம் அட்சக்கோட்டு அளவாய்வுக்குக் கொண்டு சென்றார். 1879இல் அமெரிக்க நடுவண் நிலவியல் ஆய்வுத்துறையின் முதல் இயக்குநரும் அவரே. சியரா நெவாடாவின் தங்கச் சரளைப் படிவுகளைப் பற்றிய விட்னியின் நூலோ, சட்டமன்றம் கைவிட்டபின், ஹார்வர்டின் அருங்காட்சியக வெளியீடாக 1880இல் முழுமை பெற்றது. உறுப்பினர்கள் கேட்ட தங்கம் பற்றிய அறிவு, அவர்கள் நிதியை நிறுத்திய பிறகு வேறொரு மாநிலத்திலிருந்து வந்தது.

நிதியை இப்படி இடையில் நிறுத்தாத வழியும் இருந்தது. நியூயார்க் மாநிலம் தன் நிலவியல் அளவாய்வுக்கு 1836இல் நான்கு ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 26,000 டாலர் என்று முன்கூட்டியே உறுதி செய்தது. அம்மாநிலத்தின் பாறைகள் நிலக்கரிப் படிவுகளைவிடப் பழையவை என்ற முடிவு வீண் தோண்டலுக்கு எதிரான எச்சரிக்கையாக அமைந்தது. ‘நிலக்கரி இங்கே இல்லை’ என்பதும் பணத்துக்கு ஈடான விடைதான்.

ஆகவே என் வாக்கு 1860ஆம் ஆண்டுச் சட்டத்துக்கே, இரண்டு திருத்தங்களோடு: நியூயார்க்கைப் போல ஆண்டுத் தொகையைத் தொடக்கத்திலேயே உறுதி செய்ய வேண்டும், சுரங்கத் தொழிலாளர் கொண்டுவரும் கல்லைச் சோதித்துச் சொல்லும் கூடம் முதல் ஆண்டிலேயே திறக்க வேண்டும்.