ஓப்பினெல்லா, சாவிக்கொத்துக் கத்தியா?

பாரிஸில் இருக்கும் மச்சான் போன முறை வந்தபோது ஓப்பினெல் 8ஆம் எண் மடக்குக் கத்தி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். என் சாவிக்கொத்தில் ஏற்கெனவே 58 மில்லிமீட்டர் விக்டோரினாக்ஸ் குட்டிக் கத்தி தொங்குகிறது. கடலூரிலிருந்து முள்ளோடை, கன்னியக்கோயில் வழியாகத் தினமும் புதுச்சேரிக்கு பைக்கில் போகிறவன் நான். இரண்டில் எதைக் கூடவே வைத்துக்கொள்வது?

வெட்டுவதில் ஓப்பினெல்தான். எட்டரை சென்டிமீட்டர் அலகு, திருகினால் பூட்டிக்கொள்ளும் வளையம். ஆனால் என்னுடையது கார்பன் ஸ்டீல். எலுமிச்சம்பழம் நறுக்கினால் கறுக்கிறது. உப்புக்காற்றில் எத்தனை வருஷம் தாங்குமோ, நான் பார்த்தது ஒரு மழைக்காலம்தான்.

சரி, சட்டம். ‘மூன்று அங்குலம் தாண்டக்கூடாது, பூட்டு இருக்கக்கூடாது’ என்று இணையத்தில் படித்துப் பயப்படுகிறார்கள். அது இங்கிலாந்துக் கணக்கு. நமக்கு 1959ஆம் வருஷ ஆயுதச் சட்டமும் 2016ஆம் வருஷ ஆயுத விதிகளும். அந்த விதிகளின் ஆயுதப் பட்டியலில் வருவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் என்றே செய்தவை அதிலும் சேராது. பூட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. பட்டனை அழுத்தினால் பாயும் கத்தி வேறு கதை, அந்தப் பக்கமே போகவேண்டாம்.

அளவுப்படி இரண்டுமே தேறிவிடும். ஆனால் சோதனைச்சாவடியில் யாரும் ஸ்கேலோடு நிற்பதில்லை. ஒருநாள் மது பாட்டில் தேடிப் பையைத் திறந்த காவலர் ஓப்பினெல்லை எடுத்து விரித்தார். வளையத்தைத் திருகி, அலகின் முதுகை அழுத்திப் பார்த்தார், மடங்கவில்லை.

“இது எதுக்கு தம்பி?”

“பழம் நறுக்க சார்.”

“பழம் எங்க?”

பையில் டிபன் பாக்ஸும் ரெயின்கோட்டும்தான் இருந்தன. சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். தேர்தல் நேரமாகவோ தடையுத்தரவு இருக்கும் நாளாகவோ இருந்தால் அந்தச் சிரிப்பு வந்திருக்குமா தெரியாது. பிரான்ஸிலேயே இதே கத்தியை வெளியே கொண்டுபோக நியாயமான காரணம் வேண்டும். இது மச்சான் அப்புறம் சொன்னது.

சாவிக்கொத்துக் கத்தியை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கத்தரிக்கோலும் நக அரமும் பக்கத்தில் இருப்பதால் கத்தியாகவே தெரிவதில்லை. பார்சல் பிரிக்க, நூல் அறுக்க, சப்போட்டா பிளக்க அதுவே போதும். ஒரே தொல்லை விமானம்: இரண்டையுமே செக்-இன் பெட்டியில்தான் போடவேண்டும், சாவியோ சட்டைப்பையிலேயே இருக்கும். ஒன்றை அப்படித்தான் பறிகொடுத்தேன். இது இரண்டாவது.

ஓப்பினெல் இப்போது சமையலறையில், அம்மாவின் அரிவாள்மனைக்குப் பக்கத்தில்.