நெட்லோகோ: மறக்கவும் கற்றுத்தரும் எறும்புகள்

தகவலை ஒரே சர்வரில் குவிக்காமல் பல கணினிகளில் பிரித்து வைத்தால், எது எங்கே இருக்கிறது என்று யாரிடம் கேட்பது? எறும்புகளைப் பார்த்துக் கற்கலாம் என்று நிறையப் படித்திருக்கிறேன், ஆனால் நெட்லோகோவில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் விஷயம் எனக்குப் பிடிபட்டது.

எளிய விதிப்படி நடக்கும் நிறையச் சின்னப் பாத்திரங்களைக் கணினியில் ஓடவிட்டு, கூட்டமாக என்ன நடக்கிறது என்று பார்க்க யூரி வைலென்ஸ்கி 1999-இல் உருவாக்கிய மென்பொருள் இது. இலவசம், மூலநிரலும் திறந்தே கிடக்கிறது, பிரவுசரிலேயே ஓடும் வடிவமும் உண்டு என்பதால் எதையும் நிறுவாமல் தொட்டுப் பார்க்கலாம். அந்தப் பாத்திரங்கள்தான் ஏஜென்ட்டுகள். நடமாடும் ஏஜென்ட்டுக்கு டர்ட்டில் என்று பெயர், குழந்தைகளுக்கான லோகோ நிரல்மொழியில் படம் வரையுமே அதே ஆமைதான். தரையின் கட்டங்கள் பேட்ச், இரண்டு டர்ட்டில்களை இணைப்பது லிங்க். இந்த மூன்றும் புரிந்தால் போதும், எழுத ஆரம்பித்துவிடலாம்.

முதலில், கூடவே வரும் தயார் மாதிரிகளின் தொகுப்பான மாடல்ஸ் லைப்ரரியில் உள்ள ஆன்ட்ஸைத் திறங்கள். 125 எறும்புகள், மூன்று உணவுக் குவியல்கள், நடுவில் ஒரு கூடு. இரை கிடைத்த எறும்பு திரும்பும் வழியெல்லாம் பெரமோன் என்ற வாசனைப் பொருளை விட்டுக்கொண்டே வரும், மற்றவை அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு போகும். யாரிடமும் வரைபடம் இல்லை, தலைமையும் இல்லை, ஒன்றோடொன்று பேசிக்கொள்வதுகூட இல்லை. தரையில் விட்ட தடம்தான் பேச்சு. கரையான்களை ஆராய்ந்த பியர் பால் கிராஸே 1959-இல் இதற்குத்தான் ஸ்டிக்மெர்ஜி என்று பெயர் வைத்தார்.

அப்புறம், வாசனை எவ்வளவு வேகமாக மறையும் என்பதை மாற்றும் அந்த ஆவியாதல் ஸ்லைடர். எனக்கு இந்த மென்பொருளே அதற்காகத்தான். 10-இல் இருப்பதை பூஜ்யத்துக்கு இழுத்துவிட்டு ஓட்டுங்கள்: தடம் அழியாது, வாசனை எல்லாப் பக்கமும் பரவித் தேங்கிவிடும், எந்தத் திசையில் இரை என்று அது சொல்வதே நின்றுபோகும். அதிகமாக ஏற்றினாலோ, தூரத்துக் குவியலுக்கான தடம் அடுத்த எறும்பு வந்து சேர்வதற்குள் காய்ந்துவிடும். பரப்புவது எவ்வளவு முக்கியமோ மறப்பதும் அவ்வளவு முக்கியம் என்பதை இத்தனை சீக்கிரத்தில் கண்ணால் காட்டிய வேறு கருவியை நான் பார்த்ததில்லை.

இதைக் கணினி வலைக்குக் கொண்டுபோக நானே ஒரு சின்ன மாடல் எழுதினேன். நோடுகள், அதாவது வலையின் கணினிகள், அசையாமல் நிற்கும், லிங்க்கில் தடம் பதியும், கோப்பைத் தேடும் எறும்புகள் ஓடும். நடுவில் கோப்பை வேறு நோடுக்கு மாற்றினேன், அவை பாட்டுக்குப் பழைய இடத்துக்கே போய்க்கொண்டிருந்தன! ஒவ்வொரு டிக்கிலும், அதாவது மாடலின் ஒவ்வொரு நேர அடியிலும், தடத்தைக் கொஞ்சம் குறைக்கும் ஒரே ஒரு வரியைச் சேர்த்தேன், கொஞ்ச நேரத்தில் புது இடத்துக்கு வழி உருவாகிவிட்டது.

வலையில் வைரஸ் பரவும் மாடலும் நன்றாக இருக்கிறது, வைரஸை செய்தி என்று நினைத்துப் பாருங்கள். தொற்றுநோய்போலத் தகவலைப் பரப்பும் முறையை ஜெராக்ஸ் பார்க் ஆய்வாளர்கள் 1987-லேயே எழுதிவிட்டார்கள், இன்றும் பல கணினிகளில் பரவியிருக்கும் கசாண்ட்ரா தரவுத்தளத்தின் நோடுகள் ஒன்றின் நிலையை மற்றொன்றுக்குச் சொல்ல இப்படித்தான் கிசுகிசுக்கின்றன.

சரி, குறை. ஏஜென்ட்டுகளுக்கு வேலை சொல்லும் ஆஸ்க் கட்டளை அவற்றை ஒவ்வொன்றாகத்தான் இயக்குகிறது: ஒன்று தன் வேலையை முடித்த பிறகே அடுத்தது. நிஜ வலையில் செய்தி தாமதமாகும், தொலையும், இரண்டு பேர் ஒரே தகவலை ஒரே நேரத்தில் மாற்றுவார்கள். அந்தத் தலைவலிகள் எதையும் நீங்களாக எழுதிச் சேர்க்காவிட்டால் இங்கே பார்க்க முடியாது, அதனால் இதில் ஓடியதை நம்பி நேராக நிஜ அமைப்பில் இறங்கிவிடாதீர்கள். ஏஜென்ட்டுகள் தனித்தனிக் கணினிகளில் இருந்து செய்தி அனுப்பிக்கொள்ள வேண்டுமென்றால் ஜேட் என்ற வேறொரு மென்பொருள் இருக்கிறது, அதற்கு ஜாவா நிரல்மொழி தெரிய வேண்டும். ஆனால் அதில் ஏஜென்ட்டுகளின் பெயர்ப் பட்டியலும் சேவைப் பட்டியலும் மெயின் கன்டெய்னர் என்ற ஒரே முதன்மைப் பகுதியில் உட்கார்ந்திருக்கின்றன, வேண்டாம் என்று விலக்கிய மையம் அந்த வழியாக உள்ளே வந்துவிடுகிறது. அதனால் புது யோசனை எது வந்தாலும் நான் முதலில் திறப்பது இன்னும் நெட்லோகோதான்.