ஆடியில் போய் ஆவணியில் எழுதிய உறுதி

அம்மா போய் இரண்டு வருடம். யாழ்ப்பாணம் கோண்டாவிலில் இருக்கும் வீட்டை என்ன செய்வது என்று ரொறன்ரோவில் நானும் பாரிஸில் அக்காவும் தொலைபேசியிலேயே ஒரு வருடம் பேசிக் கழித்தோம். விற்பது என்று ஒருவழியாக முடிவெடுத்து, ஆடி நடுவில் புறப்பட்டேன். பிள்ளைகளின் விடுமுறை, நல்லூர்த் திருவிழா, வீட்டு விற்பனை மூன்றும் ஐந்து கிழமைக்குள் அடங்கிவிடும் என்று என் கணக்கு. ஆடியில் யாழ்ப்பாணத்தார் வீடு பார்ப்பார்கள், விலை பேசுவார்கள், கிணற்றுத் தண்ணீரை அள்ளிக் குடித்துப் பார்ப்பார்கள். உறுதி, அதாவது காணி கைமாறும் பத்திரம், அதை மட்டும் எழுதமாட்டார்கள். இதை ஒருவரும் எனக்கு முதலே சொல்லவில்லை, எனக்கும் மறந்து போயிருந்தது.

எங்கள் காணிக் கதை பெரிய சிக்கல் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். அப்பா 1974இல் வாங்கிய 4 பரப்பு வளவும் வீடும். அவர் இறந்தபின், யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை திறந்திருந்த 2003இல் ஊருக்குப் போனபோது, அம்மா எனக்கும் அக்காவுக்கும் பாதிப் பாதியாக நன்கொடை உறுதி எழுதித் தந்தார். சாகும்வரை அதை ஆளும் தன் சீவிய உரித்தை வைத்துக்கொண்டார். அப்போது எனக்குக் கனடாக் குடியுரிமை வந்திருக்கவில்லை. அதனால் அந்த உறுதியில் பிழை இல்லை என்று, இந்த விற்பனைக்கு உறுதி எழுத நாங்கள் பிடித்த நொத்தாரிசு அம்மா சொன்னார். சீவிய உரித்து அம்மாவோடு போய்விட்டது, அதற்கு மரணச் சான்றிதழ் போதும். மிச்சமெல்லாம் போதவில்லை.

முதலில் தத்துவம், அதாவது ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் கையெழுத்து வைக்க அதிகாரம் தரும் கடதாசி. அம்மா கடைசிக் காலத்தில் என்னோடு கனடாவில் இருந்ததால், வீட்டைப் பார்க்கும்படி மச்சானுக்கு அற்றோணித் தத்துவம் கொடுத்திருந்தார். மச்சான் நல்ல மனிதர். சோலைவரி கட்டினார், கிணறு இறைத்தார், வீட்டை வாடகைக்குக் கொடுத்து ஒழுங்காகக் கணக்கும் அனுப்பினார். அம்மா இறந்த பிறகும் அதே கடதாசியை வைத்து வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பித்திருக்கிறார். நொத்தாரிசு அம்மா கடதாசியை ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டு, "அண்ணா, தந்த ஆள் செத்தால் தத்துவமும் செத்துது. இது இப்ப வெறும் பேப்பர்" என்றார். வாடகைக்கு இருந்தவர் தங்கமான ஆசிரியர், ஆடி முடியத் தானாகவே எழும்பிப் போனார். வேறொருவராக இருந்திருந்தால் நான் இன்னும் கோட்டு வாசலில் நின்றிருப்பேன். இறந்த தாய் தகப்பன் கொடுத்த தத்துவத்தை நம்பி ஊரில் யாராவது உங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால், இன்றைக்கே புதிதாக ஒன்று எழுதி அனுப்புங்கள்.

அக்காவால் வர முடியவில்லை. பாரிஸில் இலங்கைத் தூதரகத்தில் கையெழுத்து வைத்து எனக்குத் தத்துவம் அனுப்ப வேண்டும், அதை இங்கே பதிவும் செய்ய வேண்டும். இதோடு இன்னொன்று கேட்டார்கள்: அத்தானின் எழுத்து மூலமான சம்மதம். 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமைக்குக் கட்டுப்பட்ட ஒரு பெண் தன் சொந்தக் காணியை விற்பதானாலும் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். இல்லையென்றால் நீதிமன்றம் போக வேண்டும். கணவன் தன் காணியை விற்க மனைவியைக் கேட்க வேண்டியதில்லை. அக்காவுக்கு இதைச் சொன்னபோது தொலைபேசியில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "முப்பது வருசமா நான் வேலை செய்யிறன். அம்மா எனக்குத் தந்த வீட்டை விக்க இவரின்ரை கையெழுத்தோ?" அத்தான் பக்கத்தில் இருந்து சிரித்தது எனக்குக் கேட்டது. அவர் அன்றே கையெழுத்துப் போட்டார். ஆனால் கணவன் பிரிந்துபோன, எங்கே இருக்கிறார் என்றே தெரியாத பெண்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு இது சிரிப்பல்ல. நூறு வருடம் தாண்டிய இந்தச் சட்டத்தைப் பற்றி என் கருத்து என்னவென்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

பாரிஸில் இருந்து கடதாசி வரும்வரைக்கும் தோம்பு வேலையைத் தொடங்கினோம். போர்த்துக்கேயர் விட்டுப்போன இந்தச் சொல்லை இன்றைக்கும் யாழ்ப்பாணத்தில்தான் வீட்டுச் சொல்லாகக் கேட்கலாம். காணிப் பதிவகத்தில் அந்தக் காணிக்குரிய ஏட்டைத் தேடி, யார் யாருக்கு விற்றார், ஈடு வைத்தாரா, வழக்கு ஏதும் பதிந்திருக்கிறதா என்று பின்னோக்கிப் பார்ப்பது. வாங்குகிறவரின் நொத்தாரிசு முப்பது வருடத்துக்குமேல் பார்க்கக் கேட்டார். அப்பாவின் 1974 உறுதி 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வில் தொலைந்தது. அது போனால் எல்லாம் போச்சு என்று அம்மா கடைசிவரை கவலைப்பட்டார். உண்மையில் அப்படி இல்லை. நொத்தாரிசு எழுதும் ஒவ்வொரு உறுதிக்கும் ஒரு பிரதி பதிவகத்துக்குப் போகிறது. இலக்கமும் திகதியும் நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். இந்த மூன்றும் 2003 உறுதியிலேயே எழுதியிருந்தன. கவுண்டரில் இருந்த தங்கச்சி பொறுமையாகப் படிவம் நிரப்ப உதவினார். ஒரு கிழமைக்குமேல் ஆனது, அவ்வளவுதான். கனடாவில் இருந்தபடியே மச்சானைக்கொண்டு இதைச் செய்திருக்கலாம். ஐந்து கிழமையில் ஒன்றை நான் வீணாகக் கொடுத்தேன்.

அடுத்தது நில அளவையாளர். இவரைத்தான் எல்லோருக்கும் முதலில் கூப்பிட வேண்டும் என்பது இந்தப் பயணத்தில் நான் படித்தது. தரகர்களுக்கு முன்னால், விலை சொல்லுவதற்கு முன்னால். யாழ்ப்பாணத்தில் விலை பரப்புக் கணக்கில்தான். 1 பரப்பு 10 பேர்ச், 18 குழி. 16 பரப்பு ஒரு ஏக்கர். நாங்கள் 4 பரப்பு என்று சொல்லி விலை பேசியாகிவிட்டது. ஐயா வந்து ஒரு முழுக் காலை அளந்தார். தேத்தண்ணி குடித்தார், திரும்பவும் ஒரு மூலைக்குப் போய் அளந்தார். பிறகு, "தம்பி, 3 பரப்பு 15 குழிதான் இருக்கு" என்றார். மூன்று குழி எங்கே போனது? மேற்கெல்லையில் அம்மாவின் காலத்தில் கதியால் வேலி இருந்தது. வேலி அடைக்க ஆள் இல்லாத வருடங்களில் பக்கத்து வளவார் மதில் கட்டினார்கள். மதில் நேராகத்தான் போகிறது, ஆனால் வேலி வளைந்து நின்ற இடத்தில் அல்ல.

மதில் எழும்பியது 2010இல் என்று பக்கத்து வீட்டு அன்ரியே சொன்னார். 1871ஆம் ஆண்டுக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி, பத்து வருடம் இடையூறில்லாமல் தன் உரிமையாக ஆண்டுகொண்டவர் அந்த நிலத்தைக் கோரலாம். போரால் காணிக்குத் திரும்ப முடியாமல் போனவர்களுக்காக 2016இல் ஒரு சிறப்புச் சட்டம் வந்தது. ஆனால் அது கணக்கில் எடுக்காமல் விடும் காலம் 1983 மே தொடங்கி 2009 மே 18 வரைதான். எங்கள் மதில் அதற்குப் பிறகு. "மூண்டு குழிக்கு வழக்காடினால் உங்கட மகன்தான் தீர்ப்புக் கேப்பார்" என்றார் நொத்தாரிசு அம்மா. அளந்த அளவுக்கே விலையைக் குறைத்தோம். அன்ரி அன்று மாலை ஒரு சட்டி ஒடியற்கூழ் கொடுத்துவிட்டார். நன்றாக இருந்தது.

தரகர்கள் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முதல் கிழமையில் மூன்று பேருக்குச் சொன்னேன், பிழை. ஒரே வாங்குகிற ஆளை இரண்டு தரகர்கள் வெவ்வேறு நாளில் கூட்டிவந்து, இரண்டு பேரும் தரகு கேட்டார்கள். இரண்டு பக்கமும் எடுப்பார்கள் என்பதும் தெரிந்ததே. எவ்வளவு, யாரிடம், எப்போது என்று முதல் நாளே பேசி ஒரு கடதாசியில் எழுதிக்கொள்ளுங்கள். "வெளிநாட்டுக்காரர்" என்ற சொல் காதில் விழுந்ததும் விலை ஏறுவதும் இறங்குவதும் அவர்கள் கையில்தான்.

விற்கிற பேச்சு நடந்துகொண்டிருக்க, ஓய்வுக்காலத்துக்கு ஒரு சின்ன வீடு பார்ப்போமே என்று மனைவி சொன்னார். சரி, பார்த்தோம். இணுவிலில் ஒன்று பிடித்தது. முன் முற்றம், ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம், வடகிழக்கு மூலையில் பங்குக் கிணறு. தரகர் சொன்னது: "நாலு சகோதரம். மூண்டு பேர் கையெழுத்து வைப்பினம். நாலாவது ஆள் ஜெர்மனியில, கதைபேச்சில்லை. மூண்டு பங்கை இப்ப எழுதுங்கோ, மற்றதைப் பிறகு பாப்பம்." இப்படி வாங்கவே கூடாது. பிரிபடாத பங்கை வெளியாளுக்கு விற்க முன் கூட்டுரிமைக்காரருக்கு அறிவிக்க வேண்டும். 1947ஆம் ஆண்டுத் தேசவழமை முன்வாங்கல் சட்டம் அவர்களுக்குத்தான் முதல் வாங்கும் உரிமையைக் கொடுக்கிறது. அதைத் தாண்டி வாங்கினாலும், ஜெர்மனிக்காரர் ஒரு நாள் பங்கு பிரிப்பு வழக்குப் போட்டால் கறுத்தக்கொழும்பான் யாருக்கு, கிணறு யாருக்கு என்று நீதிமன்றம்தான் சொல்லும்.

உண்மையில் அந்த வீட்டை நான் வாங்கியிருக்கவே முடியாது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டத்தின்படி வெளிநாட்டுக் குடிமகனுக்குக் காணி எழுத முடியாது. வாரிசாக வருவது வேறு, இரட்டைக் குடியுரிமை இருந்தால் வேறு. தொடர்மாடி வீடு என்றால் வெளிநாட்டுப் பணம் முழுவதையும் முன்னமே கொண்டுவந்து வாங்கலாம், ஆனால் முற்றமும் மாமரமும் தேடி வந்தவனுக்கு அது எதற்கு? நான் இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்காமல் பத்து வருடமாகத் தள்ளிப்போட்டவன். தரகர் சிரித்துக்கொண்டே, "மச்சானின்ரை பேரில எழுதுங்கோ, எல்லாரும் அப்பிடித்தான்" என்றார். மச்சான்தான் முதலில் மறுத்தார். "நாளைக்கு எனக்கு ஒண்டு நடந்தால் என்ரை பிள்ளையளிட்டைப் போய் நிப்பியோ?" வாங்கும் பேச்சு அங்கேயே நின்றது.

ஆனாலும் ஏழெட்டு வீடு பார்த்த அனுபவத்தில் ஒன்று சொல்லலாம். புதிதாகக் கட்டி விற்கும் வீடுகளில் மாபிளும் சிலிங்கும் பளபளக்கும். கட்டட அனுமதியையும், கட்டி முடித்தபின் பிரதேச சபை தரும் சான்றிதழையும் கேளுங்கள். ஒரு இடத்தில் அதைக் கேட்டதும் கதை மாறியது. பிறகு கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடைத்தூரத்தை நடந்து பாருங்கள். பக்கத்து வளவின் குழியையும் சேர்த்துப் பாருங்கள். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல், மேலே விடுவது கீழே வரும். ஆடி ஆவணியில் தண்ணீரைக் குடித்துப் பார்த்தால் உவர் தெரியும். மாரியில் எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான். ஆனால் ஒழுங்கையில் வெள்ளம் நிற்குமா என்று பார்க்கக் கார்த்திகையில்தான் வர வேண்டும். இரண்டுக்கும் விமானச்சீட்டு எடுக்க முடியாது, ஒன்றுக்கு ஊரில் இருக்கும் ஆளை நம்புங்கள்.

கடைசியாகக் காசு. வாங்குகிறவர், உறுதியில் விலையைக் குறைத்துப் போடலாமா என்று மெதுவாகக் கேட்டார். முத்திரைத் தீர்வை அவருடைய செலவு: முதல் 1 லட்சம் ரூபாவுக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். எனக்கும் ஆசை காட்டினார், ஏனென்றால் விற்கிறவருக்கு மூலதன ஆதாய வரி இருக்கிறது. அது 2025 ஏப்ரலில் இருந்து தனியாட்களுக்கு 15 வீதம். மறுத்தேன். நேர்மை பாதிக் காரணம்தான். வங்கியில் இந்தக் காசை வெளியே அனுப்பக் கேட்கும்போது அவர்கள் பார்ப்பது உறுதியில் இருக்கும் தொகையை. மிச்சத்தை வங்கிக்கு வெளியே, உண்டியல்காரர் ஊடாக அனுப்ப எனக்குத் துணிவில்லை. வரியும் நான் பயந்த அளவுக்கு இல்லை. 2017 செப்ரெம்பர் 30இல் கையில் இருந்த சொத்துக்கு அன்றைய சந்தைப் பெறுமதியைத்தான் அடக்க விலையாக எடுக்கிறார்கள். நானோ 1974இல் அப்பா கொடுத்த விலையைக் கழித்துப் பார்த்து இரண்டு இரவு நித்திரை இல்லாமல் இருந்தேன். மதிப்பீட்டாளர் ஒருவரிடம் பழைய திகதிக்கு அறிக்கை எடுக்க வேண்டும், அதுதான் வேலை.

வங்கி அனுபவம் கலவை. முதலில் போன கிளையில் புலம்பெயர்ந்தவர் காணி விற்ற காசுக்கு எந்தக் கணக்கு என்றே தெரியவில்லை, ஒரு மணித்தியாலம் இருத்தி வைத்து நாளை வரச் சொன்னார்கள். இன்னொரு வங்கியில் ஒரு அலுவலர் பத்து நிமிடத்தில் விளக்கி, என்னென்ன கடதாசி என்று கையால் எழுதித் தந்தார். வீடு வாங்க வெளியில் இருந்து காசு கொண்டுவருகிறவர்கள் உள்முக முதலீட்டுக் கணக்கு ஊடாகக் கொண்டுவந்தால் பின்னாளில் விற்றுத் திருப்பிக் கொண்டுபோவது சுலபம் என்றும் சொன்னார். என் மனைவி அதைக் குறித்துக்கொண்டார். இணுவில் இன்னும் மனதில் இருக்கிறது போல.

ஆவணி பிறந்து மூன்றாம் நாள் உறுதி எழுதினோம். அக்காவின் தத்துவம் அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் பதிவாகி முடிந்தது. நொத்தாரிசு அம்மா இரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டு "கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும்" என்று வாசித்தபோது, ஐம்பது வருடத்துக்கு முன் அப்பாவுக்கும் இதே வரியைத்தான் வாசித்திருப்பார்கள் என்று நினைத்தேன். திறப்பைக் கொடுத்தோம். வாங்கியவரின் மனைவி படலையில் நின்று, மின்சாரப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார், "அண்ணா, இதில இருக்கிற பேர் ஆர்?" அப்பாவின் பெயர். நாங்கள் இத்தனை வருடமும் மாற்றவே இல்லை. விமானம் ஏற முந்தின காலை முழுவதும் அந்தப் பெயர்மாற்ற வரிசையில் நின்றேன். அப்பாவின் மரணச் சான்றிதழின் மூலப் பிரதி வேண்டுமாம். அது ரொறன்ரோவில், அலுமாரியில்.